எந்தப் பக்கம் ‘மேல’

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டங்களின் படங்களை என்னைவிட நன்றாக வரைந்தவர்கள் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். 1975இல் நில அளவர் திருப்பதியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரும் சங்கிலி பிடிக்கிற ஆட்களும் ஜீப்பில் மலைக்குப் போய் அளந்துவிட்டு வருவார்கள். அவர் கொண்டுவரும் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் மேசையில் குனிந்து படமாக்குவேன். ஓடை எங்கே திரும்புகிறது, எல்லைக்கல் எங்கே நிற்கிறது, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் எங்கே, ஆட்கள் குடியிருக்கும் லயம் எங்கே என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எட்டு வருடத்தில் முந்நூறு தோட்டங்களுக்கு மேல் வரைந்தேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் அப்போது என் எண்ணம்.

படத்தின் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘திருப்பதி, நில அளவர்’ என்று நானே முத்து முத்தாக எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். ஒச்சம்மாள் என்ற பெயருக்கு அங்கே இடம் கிடையாது.

“சார், ஓரமா என் பேரையும் சின்னதாப் போட்டுக்கிறேனே” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

“எதுக்கு ஒச்சம்மா? உன் பேரைப் பார்த்துட்டு ஏலக்கா கூடக் காய்க்கவா போகுது?” என்று சிரித்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவே இல்லை. நான் வரைந்த படத்துக்குக் கீழே என் பெயர் அச்சில் வரவேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

1983இல் அதற்கு ஒரு வழி வந்தது.

அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு வாரப் பத்திரிகையில் ‘முகில்பட்டி’ என்ற தொடர்கதை எண்பத்திரண்டு வாரம் வந்திருந்தது. ஒரு மலையடிவார ஊருக்கு மேகம் வருவது நின்றுவிடுகிறது. மேகங்களையெல்லாம் ஓர் அரக்கி ஆடுகளைப்போல ஓட்டிக்கொண்டு போய் மலைமேல் பட்டியில் அடைத்துவிட்டாள். வண்டி ஓட்டும் தவசி என்பவன் பட்டியைத் திறந்துவிடப் புறப்படுகிறான். ஏழு வளைவுக் கணவாயில் ஏறி இறங்குகிறான். கூப்பிட்ட குரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் குரல்காட்டில் பதினொரு நாள் அலைகிறான். கடைசியில் மலை ஏறிப் பட்டியின் படலைத் திறக்கிறான். இதுவரைக்கும் சரி. படலைத் திறந்த நேரத்தில் அவனுடைய ஊர்க்கோயில் கொட்டுச் சத்தம் அவன் காதில் கேட்கிறது. கதை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினொரு நாள் நடந்து போனவனுக்கு ஊர்க்கொட்டு எப்படிக் கேட்கும்? மாயக்கதை என்றால் தூரம்கூடவா மாயம்? பத்திரிகைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அவர்கள் அதைப் போடவில்லை.

அந்தப் பத்திரிகையிலேயே சிவகாசி அச்சகம் ஒன்று விளம்பரம் கொடுத்தது. ‘முகில்பட்டி’ கதையைத் தாயக்கட்டை உருட்டி விளையாடும் பலகை விளையாட்டாகத் தீபாவளிக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். அந்த நாட்டின் படத்தை வரைந்து அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுத்த படம், வரைந்தவர் பெயரோடு அச்சாகும். நான் கதையின் எண்பத்திரண்டு வாரத்தையும் கிழித்துத் தைத்து வைத்திருந்தவள். வேறு யார் ஜெயிப்பது?

வலது ஓரத்தில், அதாவது கிழக்கே, தவசியின் ஊரை வைத்தேன். அதற்கு மேற்கே மலையும் கணவாயும். அதையும் தாண்டிக் குரல்காடு. அதற்குப் பிறகு கதையில் ‘மேல நடந்தான், மேல நடந்தான்’ என்றே வாராவாரம் வரும். மேல என்றால் மேற்கு. போடியில் மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே இருக்கிறது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இடது ஓரத்தில் இரண்டாவது மலை, அதன் உச்சியில் முகில்பட்டி. நடுவில் ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம் என்று எண்பத்திரண்டு கட்டங்களில் பாதை. தலைப்பக்கத்தில் வடக்கு காட்டும் அம்புக்குறி. அனுப்பிய பதினைந்தாம் நாள் அச்சக முதலாளி சின்னச்சாமியிடமிருந்து கடிதம் வந்தது. என் படம்தான் தேர்வு. ஆனால் கதை எழுதிய சோலையம்மாள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். படத்தை அவர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அச்சடிக்கலாம். அவர் இருப்பது போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில். போடிக்காரியான நானே போய்க் கையெழுத்து வாங்கிவர முடியுமா என்று கேட்டிருந்தார்.

கையெழுத்து வாங்குவது ஒரு பெரிய சோலியா? படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, காய் எடுக்கப் போகிற பெண்கள் பதினாறு பேரோடு ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. பக்கத்திலிருந்தவள் என்னைப் பார்த்து, “டீச்சருக்குப் புதுசு போல” என்றாள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

மெட்டைத் தாண்டி இறங்கி, தோட்டத்துக்குள் நடந்து போனபோது மத்தியானமாகிவிட்டது. சோலையம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இடுப்பில் ஒன்றும் முந்தானையைப் பிடித்தபடி இரண்டுமாக வந்து, படத்தைத் தரையில் விரிக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

“படம் லட்சணமா இருக்கு தங்கச்சி. ஆனா இது எந்த ஊரு?”

“உங்க கதையில வர்ற நாடுதான்க்கா.”

“என் கதையில மலை ஒண்ணுதானே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியவருக்கே மறந்துபோயிற்றா? “ஒரு மலையில ஏறி இறங்குறான். பதினோரு நாள் கழிச்சு இன்னொரு மலையில ஏறுறான். நான் அஞ்சு தடவை படிச்சிருக்கேன்க்கா.”

“இன்னொரு மலைன்னு நான் எங்க எழுதியிருக்கேன், காட்டுங்க.”

தைத்து வைத்திருந்த பக்கங்களைப் புரட்டினேன். ‘மலையில் ஏறினான்’ என்று இருந்தது. ‘மலை’ என்று இருந்தது. ‘இன்னொரு’ என்று எங்கும் இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

“மேல நடந்தான், மேல நடந்தான்னு பதினாலு தடவை எழுதியிருக்கீங்க. மேலன்னா மேக்கு.”

“யாருக்கு?” என்றார் சோலையம்மாள்.

இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னார்: “நான் உங்க பக்கத்து அடிவாரத்துல, தேவாரம் ஊர்ல பொறந்தவ. அங்க இருந்த மட்டும் எனக்கும் மேலன்னா மேக்குதான். கட்டிக்கிட்டு இங்க வந்த மொத வாரம் கங்காணி என்னைய, ‘மேல போயி கூடையைக் கொண்டா’ன்னாரு. நானும் மேக்க பாத்து வெரசாப் போனேன். கடைசியில ஓடைப் பள்ளத்துக்குள்ள நிக்கிறேன். லயமே கூடிச் சிரிச்சது. சாயங்காலம் வாங்க, காட்டுறேன்.”

பிள்ளைகளைத் தாய்மார் வந்து வாங்கிக்கொண்டு போனபின், அவர் முன்னால் நடக்க நான் பின்னால் ஏறினேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. மூச்சு வாங்கியது. எட்டு வருடம் நான் வரைந்த கோடுகளெல்லாம் இப்படிக் காலைப் பிடித்து இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. செடிகள் முடிந்து புல் மேடு வந்தபோது, என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஏறிக்கொண்டிருந்தது.

நின்றுவிட்டேன். அறுபத்தொன்றாவது வாரத்தில் ஒரு வரி வரும்: ‘சாயங்கால வெயிலில் தவசியின் நிழல் அவனுக்கு முன்னே ஏறியது.’ அழகான வரி என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். சாயங்காலத்தில் நிழல் முன்னால் விழுந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முதுகுப்பக்கம் மேற்கு என்றால், அவன் போவது கிழக்கே. திசை குறிப்பதே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு இது ஐந்து தடவை படித்தும் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“நாம எந்தப் பக்கம் போறோம்க்கா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“மேல” என்றார்.

மலையின் இந்தச் சரிவில் மேடு கிழக்கே இருக்கிறது, பள்ளம் மேற்கே இருக்கிறது. ஆகவே இங்கே மேல என்றால் கிழக்கு. உச்சியில் ஏறி நின்றதும் என் காலுக்கு நேர் கீழே சமவெளி கிடந்தது. ஓட்டுக்கூரைகள், கோயில் கோபுரம், பஸ்ஸ்டாண்டின் புழுதி எல்லாம் தெரிந்தன. போடிதான். காலையில் ஜீப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேறு நாட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்த எனக்கு என் தெருவே தெரிந்தது. மதுரைக்குப் போகிற ரயில் கூவிய சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாக மேலேறி வந்தது.

“கேக்குதா?” என்றார் சோலையம்மாள். “எனக்கு ஊரு நெனைப்பு வந்தா இங்கதான் வந்து நிப்பேன். தவசி மலையைச் சுத்திக்கிட்டு, இப்ப நாம ஏறுன பக்கமா ஏறிட்டான். அவ்வளவுதான். மேகம் அவன் ஊருக்கு மேலயேதான் அடைஞ்சு கெடந்தது. இதுல என்ன மாயம் இருக்கு? எல்லாரும் மாயம் மாயம்ன்னு எழுதுனாங்க. ஒருத்தி மட்டும், தூரம் கூடவா மாயம்ன்னு ரெண்டு பக்கம் வைஞ்சு எழுதியிருந்தா. பத்திரிகைக்காரங்க எனக்கு அனுப்பி வச்சாங்க.”

“அது நான்தான்க்கா” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கேட்டது நல்ல கேள்வி. பதிலைத்தான் தப்பா வரைஞ்சு கொண்டாந்திருக்கீங்க.”

கோபம் வரவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த மேட்டிலேயே சண்டை நடந்திருக்கும். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் பொங்கியது. எண்பத்திரண்டு வாரம் படித்தவர்களில் அந்த முடிவு ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இனி அதைப் படமாக்க வேண்டியதுதான் பாக்கி. அதை என்னால் செய்ய முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் மறுநாள் காலையில்தான் வந்தது. சோலையம்மாள் வீட்டில் தங்கி, விடிந்ததும் புதுக் காகிதத்தைத் தரையில் விரித்தேன். கதைக்கு ஒரே மலை என்றால் சரி. விளையாட்டுக்கு? புறப்படும் ஊர் கிழக்கு அடிவாரத்தில். சேரும் இடம் அதே மலையின் தலையில். பக்கத்துப் பக்கத்துக் கட்டம். நேராக ஏறிவிட்டால் ஆட்டம் நாலு உருட்டில் முடிந்துவிடும். கதையில் தவசி ஒருவன்தான்; சுற்றிப் போகும்படி அவனை எழுதிவிடலாம். விளையாட்டில் நாலு பேர். அவரவருக்கு அவரவர் அவசரம்.

நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் சோலையம்மாள். அவர் கணவர் ராமர் பால் இல்லாத கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் குந்தினார். நடுவில் நான் வரைந்திருந்த மலையைக் காட்டி, “இந்த ஓடை வழியா மேல போனா உச்சி வந்துரும்” என்று தன் முன்னாலிருந்து விரலை நகர்த்தினார்.

“இந்தா, இப்படித்தான் மேல” என்று சோலையம்மாள் தன் பக்கத்திலிருந்து விரலை நகர்த்தினார்.

இரண்டு விரலும் நடுவில் முட்டிக்கொண்டன.

எட்டு வருடமாக நான் வரைந்தது சுவரில் மாட்டுகிற படம். சுவரில் மாட்டினால் ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் கால். பலகை விளையாட்டு தரையில் கிடப்பது. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் உட்காருவார்கள். அதற்குத் தலைப்பக்கமே கிடையாது. யார் எங்கே உட்கார்ந்தாலும் மேல என்பது நடுதான். தாயக் கட்டத்தில் நாம் செய்வதும் அதுதானே? நாலு பக்கத்திலிருந்தும் காய் இறக்கி, சுற்றிவந்து, நடுவே ஏறிப் பழமாக்குகிறோம். குறுக்குக்கோடு போட்ட கட்டத்துக்கு மலை என்றுகூடப் பெயர் வைத்திருக்கிறோம். மலையில் நிற்கிற காயை வெட்ட முடியாது. நான் ஏழு வயதிலிருந்து விளையாடிய கட்டம் அது.

அப்புறம் என் கை நிற்கவில்லை. கிழக்கே தவசியின் ஊர், மேற்கே குரல்காட்டின் வாசல். தெற்கும் வடக்கும் கதையில் இல்லை.

“வடக்குப் பக்கம் என்ன இருக்குதுக்கா?”

“யாரு போனா? எனக்குத் தெரியாது.”

“நாணல் ஆறுன்னு ஒரு பேரு மட்டும் எழுதியிருக்கீங்க, யாரும் அங்க போகல. அதை வடக்க வச்சுக்கவா? கதையில பேச்சோட பேச்சா வர்ற உப்புக்காரங்க ஊரைத் தெக்க வச்சுக்கிறேன்.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “வைங்க. நான் எழுதாமப் போனது உங்களுக்கு.”

நேர் ஏற்றத்தை அடைத்து, தன் ஊரிலிருந்து புறப்படுகிறவர் மலையை ஒரு சுற்று சுற்றினால்தான் படல் திறக்கும் என்று வைத்தேன். தவசி செய்தது அதுதான். கட்டங்களையும் மாற்றினேன். முப்பது வாரம் ஓடிய குரல்காட்டை எட்டுக் கட்டத்தில் சுருக்கினேன். கதையில் ஒரே வாரத்தில் முடிந்த கணவாய்க்கு ஒரு பக்கத்துக்கு ஏழு கட்டம் கொடுத்தேன். நாலு பேரும் இடித்துக்கொள்கிற இடம் அதுதான், வெட்டு விழவேண்டிய இடமும் அதுதான். தூரத்துக்குத் தக்கபடி கட்டம் போடுவது என் பழைய வேலை. இங்கே படுகிற பாட்டுக்குத் தக்கபடி போட்டேன். ஊர்ப் பெயர்களை அந்தந்தப் பக்கம் உட்காருகிறவர் படிக்கும்படி திருப்பித் திருப்பி எழுதினேன். வடக்கு காட்டும் அம்புக்குறியை வைக்கவில்லை. சோலையம்மாள் காகிதத்தைச் சுற்றி நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சிவகாசிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். சின்னச்சாமி அண்ணாச்சி புதுப் படத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“ஏம்மா, பழைய படம் நல்லாத்தானே இருந்துச்சு? இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரத்துல முடியும். இதுல எல்லாரும் நடுவுல போயி முட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“அண்ணாச்சி, ரெண்டையும் விளையாடிப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

சாப்பாட்டு நேரத்தில் அவரும், அச்சு ஓட்டும் காசிமாயனும், காகிதம் மடிக்கும் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். பழைய படத்தில் காசிமாயனுக்கு முதலிலேயே பெரிய எண் இரண்டு விழுந்தது. கடைசிவரை அவரே முன்னால் போனார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். புதுப் படத்தில் அண்ணாச்சி கணவாயில் ஆறாவது கட்டம்வரை வந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறிவந்த பெண்ணிடம் வெட்டுப்பட்டார். மறுபடி வந்தார். மறுபடி வெட்டுப்பட்டார். மிஷின் ஓட்ட நேரமாகிவிட்டது என்று எழுந்த காசிமாயனை, “உக்காருப்பா, இதை முடிச்சுட்டுப் போலாம்” என்று இழுத்து உட்கார வைத்தார். நான் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் கர்வத்துக்கு அளவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “இதைத்தான் போடணும். ஆனா ஒண்ணும்மா, பெட்டி மூடி அடிச்சு முடிச்சாச்சே.”

கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். ஐயாயிரம் மூடி. கையெழுத்து வந்துவிடும் என்று நம்பி, நேரம் போதாதென்று முதலில் மூடியை ஓட்டிவிட்டார். மேலாக இருந்ததை எடுத்தேன். என் பழைய படம், ஏழு வண்ணத்தில். வலது ஓரத்தில் ஒரு மலை, இடது ஓரத்தில் ஒரு மலை. கீழே, அகலமான எழுத்தில்: வரைபடம், ஒச்சம்மாள், போடி.

பெயரைத் தொட்டுப் பார்த்தேன். மை காய்ந்துதான் இருந்தது, ஆனாலும் விரலைப் பார்த்துக்கொண்டேன். எட்டு வருடம் காத்திருந்த பெயர் அது. எவ்வளவு அழகாக அடித்திருந்தார்கள்! அதற்குமேல் கண்ணைத் தூக்கினால் இல்லாத இரண்டாவது மலை நின்றது.

“திரும்ப அடிக்க முடியாதா அண்ணாச்சி?”

“அட்டை தீந்து போச்சு. வந்து சேர்றதுக்குள்ள தீபாவளி போயிரும். நீ வருத்தப்படாத. ஒண்ணு செய்வோம், உள்ளயும் பழசையே போட்ருவோம். மூடியும் பலகையும் ஒத்துப்போகும். உன் பேரும் ரெண்டு எடத்துல வரும். புதுசை அடுத்த வருசம் பாத்துக்குவோம்.”

எனக்கு ஆசையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்வானேன். இரண்டு இடத்தில் பெயர். திருப்பதி சாரின் மேசையில் கொண்டுபோய் வைத்து, இப்போது சிரியுங்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த மேட்டில் நின்று என் தெருவைப் பார்த்தபிறகு, இல்லாத மலையை நான் எந்தக் கையால் பலகையில் வைப்பது?

“புதுசையே போடுங்க. மூடி மூடியா இருக்கட்டும்.”

“சரி. அப்ப இதுல உன் பேரை எங்க போடணும், காட்டு” என்று பென்சிலைக் கொடுத்தார்.

கிழக்கு ஓரத்தில் லேசாக எழுதிப் பார்த்தேன். எழுதியதும் கிழக்கு அடிப்பக்கமாகிவிட்டது. மேற்கே உட்கார்ந்தவர் தலைகீழாகப் பார்ப்பதுபோலிருந்தது. அழித்துவிட்டுத் தெற்கே எழுதினேன். தெற்கு அடியாகிவிட்டது, வடக்கு தலைப்பக்கமாகிவிட்டது. எழுத்து எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் கீழ, எதிர்ப்பக்கம் மேல என்று ஆகிறது. ஊர்ப் பெயர்கள் நாலு பக்கமும் இருந்ததால் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டன. என் பெயர் ஒன்றுதான். அது உட்கார்ந்த இடத்தில் படம் மறுபடியும் சுவர்ப் படமாகிவிட்டது.

“நடுவுல போட்றலாமா?” என்றார் அண்ணாச்சி.

“அங்க மேகம் இருக்கு. நான் எங்க உக்கார்றது?” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பென்சில் எழுத்தை அழித்துவிட்டுக் காகிதத்தைக் காசிமாயனிடம் கொடுத்தேன். பஸ் ஏறியபின் திருவில்லிபுத்தூர்வரை அழுதுகொண்டே போனேன். தப்பான படத்துக்குக் கீழே என் பெயர். சரியான படத்துக்குப் பெயரே இல்லை. அடித்துச் சொல்கிறேன், அப்போதும் நான் செய்தது தவறு என்று தோன்றவில்லை. வயிறு மட்டும் எரிந்தது.

தீபாவளிக்குப் பெட்டி வந்தது. திருப்பதி சார் மூடியைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, பேரு வந்துருச்சே” என்றார். உள்ளே இருந்த பலகையை அவர் விரித்துப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாளைப் பார்க்கப் போனேன். அவருக்கு அச்சகம் அனுப்பிய பெட்டிகள் தோட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன என்று ஜீப்பிலேயே கேள்விப்பட்டேன். அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து லயத்து வாசலில் சாக்கை விரித்து, நாலு பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்று பார்த்தேன்.

“நான் மேல போறேன்” என்று ஒருத்தி நடுவைப் பார்த்துக் காயை நகர்த்தினாள். “போடி, நான்தான் மேல” என்று எதிரே இருந்தவள் நடுவைப் பார்த்து நகர்த்தினாள். இரண்டு பேரும் சொன்ன ‘மேல’ நேர் எதிரெதிர்த் திசை. அங்கே இருந்த யாருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை. ‘எந்தப் பக்கம்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. 

ஐந்தாவது ஆளாக, தன் ஆட்டத்துக்குக் காத்திருந்த மொக்கம்மாள் என்பவள் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் மூடியையே பார்ப்பதைக் கண்டு அதை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தக் கூத்தைப் பாத்தீங்களா டீச்சர்? ரெண்டு மலையாம். இதைப் போட்டவ மலையைக் கண்ணால கண்டிருக்க மாட்டா. அதுக்குப் பேரு வேற இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கா, ஒச்சம்மாளாம், போடியாம்.” மூடியைக் கவிழ்த்து முழங்காலில் தட்டினாள். “உள்ள வரைஞ்சிருக்கறது நம்ம ஆளு. ஓடை எங்க திரும்புது, மேடு எங்க நிக்குது, அப்படியே இருக்கு. இங்க ஏறி எறங்குன கால்தான் இதை வரைஞ்சிருக்கணும். பாவம், அவளுக்குப் பேரு கூடப் போடல.”

“அதை வரைஞ்சது நான்தான்” என்றேன்.

நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். மொக்கம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டு என் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பிறகு மூடியைக் காட்டி, “அப்ப இவ யாரு?” என்றாள்.

“எனக்குத் தெரியாது. போடியில யாரோ ஒருத்தி” என்றேன்.

மொக்கம்மாள் நகர்ந்து சாக்கில் இடம் விட்டாள். நான் உட்கார்ந்ததும் தாயக்கட்டையை என் கையில் கொடுத்து, அடுத்த ஆட்டத்துக்குக் காயை எடுத்து வைத்தாள்.